பிஸ்கட் டப்பாவில் ஐந்து சீட்டு

மார்ச் 2, ஞாயிறு

சித்தியின் பிறந்தநாள் முடிந்து வந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். மாலை ஐந்தரை. கால் இரண்டும் என்னுடையவைதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

இந்த முறை தீம் மழை. தீம் இல்லாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் வயது ஏறாது. போன தடவை சர்க்கஸ், அதற்கு முன் கோர்ட்டு, அதற்கும் முன் ‘எல்லோரும் ஒட்டுமீசை’. எல்லாம் என் அண்ணனின் மூளை. அதனால்தான் வீட்டில் அவனுக்கு டைரக்டர் என்று பெயர். இன்று சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பதினாறு குடைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். நட்டநடு மத்தியானம், எல்லோரும் ரெயின்கோட்டில். ஃபேன் போட்டால் குடை ஆடுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டான். சித்தப்பா வியர்வையில் நிஜமாகவே தொப்பலாக நனைந்தார்.

சீட்டு எனக்குத்தான் விழுந்தது. வாண்டு (அண்ணன் மகள், ஏழு வயது, வாய் மட்டும் எழுபது) பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, “பட்டாணி அத்தை!” என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். “உன் ராசி அப்படி” என்றான் டைரக்டர். நான் நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

பரிமாறி, தட்டுகளை எடுத்து, கழுவி, கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது சூப்பின் மேல் ஆடை கட்டியிருந்தது. ஒரு கொண்டாட்டத்திலாவது சூடாக எதையாவது சாப்பிட்டேனா? நினைவில்லை.

கிளம்பும் நேரத்தில் வாண்டு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாக் கொண்டாட்டத்துக்கும் டைரக்டர் தூக்கிக்கொண்டு வருகிற தடி ஆல்பம்.

“அத்தை, நீ ஏன் எந்த போட்டோவிலயும் இல்ல?”

“கிச்சன்ல இருந்திருப்பேன்.”

“எல்லாத்துலயுமா?”

அண்ணி வந்து ஆல்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டாள். கொஞ்சம் வேகமாகத்தான் வாங்கினாள்.


மார்ச் 3, திங்கள்

பேனாவை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன். இருந்தாலும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஷிஃப்ட். விமான நிலையத்தில் ஒன்பது பேரைச் சக்கர நாற்காலியில் தள்ளினேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். எங்கள் வேலையின் முதல் பாடம் இது: பிரேக்கை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். “கிளம்பலாமா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். பின்னால் நிற்பவளுக்குப் பயணியின் முகம் தெரியாது. அதனால் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். இதைப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நேற்றைய பையைக் காலி செய்தேன். மிச்ச கேக்கோடு பிஸ்கட் டப்பாவும் தவறி வந்துவிட்டது. துடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று திறந்தேன்.

சீட்டு அம்மாவின் சட்டம். அம்மா முப்பத்தொரு வருடம் மாணவர் விடுதி உணவுக்கூடத்தில் பரிமாறியவள். ஓய்வு பெற்ற அன்று சொன்னாள்: “இந்த வீட்ல கொண்டாட்டம்னா ஒருத்தர் நின்னு பரிமாறணும், கடைசியா சாப்பிடணும், தட்டு கழுவணும். யாருன்னு சீட்டு சொல்லட்டும். நிக்கிறவங்க கால் வலி உக்காந்திருக்கிறவங்களுக்கும் ஒரு நாள் தெரியணும்ல.” பெரியவர்கள் ஏழு பேர். பிறந்தநாள்காரரை விட்டுவிட்டு ஆறு சீட்டு. சித்தப்பாவுக்கு ‘ஜெனரேட்டர்’ (குறட்டை), அம்மாவுக்கு ‘கலெக்டர்’, இப்படிச் செல்லப்பெயர்களைத்தான் எழுதுவது வழக்கம். நேற்று ஒன்றை எடுத்தாயிற்று. டப்பாவில் மீதி ஐந்து இருந்தன.

ஐந்தையும் சும்மா, வேடிக்கைக்குத்தான் பிரித்தேன்.

பட்டாணி. பட்டாணி. பட்டாணி. பட்டாணி. பட்டாணி.

அண்ணியின் கையெழுத்து. மருந்துக்கடையில் உறைகளின் மேல் எழுதி எழுதிப் பழகிய, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் எழுத்து. ஆயிரம் பேர் எழுத்துக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.


மார்ச் 4

கேட்கவில்லை. டப்பா மேஜை மேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை டீ ஆறிப்போயிற்று.


மார்ச் 5, புதன்

இதற்கு முன் எத்தனை தடவை இப்படி? மழை ஒன்றுக்கு மட்டும்தானா? சர்க்கஸில் நான்தான். கோர்ட்டில் நான்தான். ஒட்டுமீசையில்? அதிலும் நான்தான், மீசையை ஒட்டிக்கொண்டு தட்டு கழுவினேன், ஈரத்தில் அது பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ராசியாம்.

டைரக்டர் போன் செய்தான். அடுத்த மாதம் அப்பாவுக்கு எழுபது. குரலில் குதியாட்டம். “தீம் என்ன தெரியுமா? ஏர்போர்ட்! போர்டிங் பாஸ் அடிச்சிட்டேன். அப்பாவ வாசல்லேர்ந்து வீல்சேர்ல கூட்டிட்டு வரணும். நீ நிஜ யூனிஃபார்ம்லயே வந்துரு. சூப்பரா இருக்கும்ல?”

“என் வேலை உனக்கு வேஷமா?” என்றேன்.

“அய்யோ, உனக்கு மரியாதை பண்ணத்தானே...”

“சீட்டே போட வேணாம்னு சொல்லு. யூனிஃபார்மோட வர்றவளுக்கு எதுக்குச் சீட்டு?” போனை வைத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பாவம் என்று தோன்றியது, உடனே எதற்குப் பாவம் என்றும் தோன்றியது.


மார்ச் 8, சனி

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். இல்லை, போனதுதான் சரி. தெரியவில்லை.

அண்ணன் வீட்டில்தான் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அண்ணி சமையலறையில் காய்ந்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் முன்னால் வைத்துத் திறந்தேன். அவள் உள்ளே பார்க்கக்கூட இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“இது உங்க எழுத்துதானே?”

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

“எத்தனை நாளா?”

“ரொம்ப நாளா.”

“ஏன் அண்ணி?”

அவள் ஒரு மூடியை எடுத்துத் துடைத்தாள். அது ஏற்கெனவே காய்ந்த மூடி.

“சொல்லுங்க. ஏன்?”

“சொல்ல முடியாது பட்டாணி.”

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தால் விட்டிருப்பேன். ‘சொல்ல முடியாது’ என்றதும் எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும், நாளைக்கு நானே மென்று விழுங்கிவிடக் கூடாது. சொன்னேன்: “துக்கம் புடிச்சவ பக்கத்துல உக்காந்தா கொண்டாட்டம் கெட்டுப்போயிரும்னு பயமா? பிள்ளைய இழந்தவ கிச்சன்லயே கெடக்கட்டும், சம்பளமில்லாம ஒரு ஆளும் ஆச்சு. அதானே?”

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் அந்த மூடியைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். டைரக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “என்ன இது?” என்று அண்ணியைக் கேட்டான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது. நடிக்கத் தெரியாத டைரக்டர் அவன். அப்பா மட்டும், “முதல்ல எல்லாரும் உக்காருங்க” என்றார்.

“நீங்க உக்காருங்கப்பா. எனக்கு நின்னு பழக்கம். உங்க எழுபதுக்கு நான் வரல.”

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.


மார்ச் 9

அப்பாவிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.


மார்ச் 11, செவ்வாய்

இன்று நான் ஒரு தப்பு செய்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

ஓய்வுபெற்ற தட்டச்சுக்கார அம்மா ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், மகளைப் பார்க்கப் போகிறார். பதினாலாம் நம்பர் கேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் உடம்பால் அங்கே இருந்தேன், மனசு அண்ணியின் அந்தக் காய்ந்த மூடியிலேயே இருந்தது. கேட்காமல் பிரேக்கை எடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் வலது கால் மிதிபலகையை விட்டு நழுவித் தரையில் இருந்திருக்கிறது. நாலு அடி தூரம் தரையில் இழுபட்ட பிறகுதான் அவர் கத்தினார். விரலில் தோல் உரிந்து ரத்தம்.

முதலுதவி அறையில் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் கொடுமை. “கால் மரத்துப் போயிருந்துச்சும்மா. பலகையில இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குனிஞ்சு பாத்திருப்பேன்” என்றார். பிறகு, “மீதி தூரம் தள்ளு, விமானத்துக் கதவுகிட்ட நிறுத்திடு. அங்கேர்ந்து நான் நடந்துக்குவேன்” என்றார்.

நிறுத்தினேன். நொண்டிக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார் வேறு.

சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். “புதுசுங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆளு நீங்க” என்றார். தலை நிமிரவில்லை எனக்கு.


மார்ச் 12, புதன்

அம்மா போன் செய்தாள். சமாதானம் பேசத்தான் என்று நினைத்தேன். கலெக்டர் எப்போது சமாதானம் பேசியிருக்கிறாள்!

“நாலு வருஷமா உங்க அண்ணன் ஒரு தட்டு கழுவல. உங்க சித்தப்பனுக்கு ஏப்ரன் எந்தப் பக்கம் கட்டுறதுன்னே மறந்திருக்கும். நான் எதுக்குப் போட்ட சட்டம், எங்க போய் நிக்குது பாரு.”

“அதை உங்க மருமககிட்ட கேளுங்க.”

“கேட்டேன். வாயைத் தொறக்கல. சாப்பாடும் சரியா எறங்கல அவளுக்கு.” அடுத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “நீயும்தான்டி. இத்தனை தடவை உனக்கே விழுதேன்னு ஒரு நாளாவது எண்ணிப் பாத்தியா?”

எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை?

சரி, எண்ணுகிறேன். எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். தேதி, தீம், யார் ஏப்ரன் கட்டியது. ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதி டைரக்டருக்கு அனுப்புகிறேன். அண்ணிக்கும் ஒரு நகல்.


மார்ச் 15, சனி

பழைய நோட்டுகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டு, காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு போனேன். இருபத்தாறு கொண்டாட்டங்கள். என் பிறந்தநாளைச் சேர்க்கவில்லை, அதை நான்தான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நாலு தடவை எனக்கு ஷிஃப்ட். மீதி இருபத்திரண்டு. இருபத்திரண்டும் நான்.

இந்த வரிசையில் முதல் கொண்டாட்டம் வாண்டுவின் நாலாவது பிறந்தநாள். தீம் கடல். அது எந்த நோட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பச்சை அட்டை. அந்த நோட்டை நான் திரும்பத் திறந்ததே இல்லை. எட்டாவது மாதத்தில் என் மகள் மூச்சில்லாமல் பிறந்த வருடத்து நோட்டு. அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாத்திரை, தூக்கம், மாத்திரை. என் கணவர் அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை, அந்த வீட்டில் அப்போது யார்தான் இருந்திருப்பார்கள்.

எண்ணிக்கைக்காகத்தான் திறந்தேன். சத்தியமாக எண்ணிக்கைக்காகத்தான்.

என் கையெழுத்துதான். கோணலாக, கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

*ஜூன் 14. நாளை வாண்டு பிறந்தநாள். எல்லோரும் வரச் சொல்கிறார்கள். எப்படி உட்காருவேன். உக்காந்தா எல்லாரும் மடியைப் பாப்பாங்க. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், என்னை உக்கார வைக்காதீங்க, நின்னா தாங்கிக்குவேன், எல்லாச் சீட்டுலயும் என் பேரையே எழுதிருங்க. நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவும். யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா பரிதாபமாப் பாப்பாங்க. நானே மறந்துட்டாலும் எங்கிட்ட சொல்லக் கூடாது. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டேன். அண்ணி அழுதாள். நான் அழவில்லை.*

நானே கேட்டாலும் சொல்லக் கூடாது.

கேட்டேனே. பாவம், அண்ணியை நிற்கவைத்துக் கேட்டேனே. சொல்ல முடியாது பட்டாணி, சொல்ல முடியாது பட்டாணி. அவ்வளவுதானே சொன்னாள். நான் என்னவெல்லாம்


மார்ச் 16, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஜூன் மாதத்தில் அழாததை எல்லாம் சேர்த்து நேற்று அழுதேன் என்று நினைக்கிறேன்.

இன்று கொஞ்சம் தெளிவு. தெளிந்ததும் கோபமும் திரும்பி வருகிறது, என்ன ஜென்மமோ நான். நான் கேட்டது நிஜம். ஆனால் அன்றைக்கு நான் மாத்திரையில் இருந்தவள். அதற்கு அடுத்த வருடம் கேட்டிருக்கலாமே? ‘பட்டாணி, இன்னும் நிக்கணுமா?’ என்று ஒரே ஒரு தடவை. நாலு வருடம் என் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆனால் நானும் அந்தத் தட்டச்சுக்கார அம்மாவைக் கேட்கவில்லை.

போய் என்ன சொல்வது? மன்னிப்பு என்றா? அந்த வார்த்தை நான் சொன்னதற்கு ஈடாகுமா? ‘சம்பளமில்லாம ஒரு ஆள்’ என்று சொன்ன வாய் இது.


மார்ச் 17

பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.


மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்குப் போக தைரியம் இல்லை. மருந்துக்கடைக்குப் போனேன். டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன். அறுபத்தேழு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணி ஒவ்வொருவருக்கும் உறையைத் திருப்பிக் காட்டி, “காலையில ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு” என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நான்தான் காரணம்.

என் எண் வந்தது. பச்சை நோட்டைத் தடுப்பின் அடியில் இருந்த இடைவெளி வழியாகத் தள்ளினேன், பக்கத்தைத் திறந்துவைத்து. அவள் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் போல, அவ்வளவு நேரம்.

“நானே எழுதிவச்சிருக்கேன் அண்ணி. நீங்க ஒண்ணும் சொல்லல. சத்தியம் உடையல.”

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் பேசினது...”

“விடு.”

“விடாதீங்க. திட்டுங்க.”

“பின்னாடி ஆள் நிக்கிறாங்க பட்டாணி” என்றாள். அந்த நேரத்திலும்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். உடனே இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பின்னால் நின்றவர், “எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா, பேசுங்க” என்று ஒரு அடி தள்ளி நின்றார். யாரோ புண்ணியவான்.

அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “மொத வருஷம் முடிஞ்சதும் கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா உடைஞ்சிருவியோன்னு பயமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் நீ கிச்சன்ல பாட்டு முணுமுணுத்தே. சரி, நல்லாத்தான் இருக்கான்னு விட்டுட்டேன். அப்புறம்...” நிறுத்தினாள். “அப்புறம் சௌகரியமா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். நீ பாத்துக்குவேன்னு நாங்க எல்லாரும் உக்காந்து பழகிட்டோம். நீ சொன்னதுல அது ஒண்ணு உண்மைதான்.”

இதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். சொன்னாள். அதனால்தான் அவள் அண்ணி.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “அப்பா எழுபதுக்கு எப்படி எழுதட்டும்?”

கேட்டுவிட்டாள். நாலு வருடம் கழித்து, நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து.

“ஆறு சீட்டு. ஆறு பேர்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கு விழாவிட்டால் நான் உட்கார வேண்டும்.


மார்ச் 24

டைரக்டர் வந்தான். யூனிஃபார்ம் வேண்டாமாம், ஏர்போர்ட் மட்டும் இருக்கட்டுமா என்று பூனை மாதிரி கேட்டான். “போர்டிங் பாஸ் எல்லாம் அடிச்சிட்டேன்.” சக்கர நாற்காலி மட்டும் கூடாது, அப்பா நடந்துதான் வருவார் என்றேன். தலையை ஆட்டினான். அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. போகும்போது, சம்பந்தமே இல்லாமல், என் சமையலறையில் கிடந்த ஒரு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.


ஏப்ரல் 5, சனி

நாளைக்கு. எனக்கே விழுந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம். விழக் கூடாது என்று இன்னொரு மனம். எந்த மனம் என்னுடையது?

எந்தப் புடவை கட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. ஏப்ரன் மறைத்துவிடும் என்று நாலு வருடமாக எதையாவது சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.


ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி.

கூடத்தில் நாற்காலிகளை இரண்டு இரண்டாக, நடுவில் பாதை விட்டு, விமானத்துக்குள் இருப்பதுபோலவே போட்டிருந்தான். சுவரில் வட்டமாக வெட்டிய வெள்ளை அட்டைகள், அதுதான் ஜன்னல். மேஜை கிடையாது, மடியில் தட்டு வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். டைரக்டர் தலையில் கேப்டன் தொப்பி. கையில் கேமரா. எல்லோரையும் விட உயரத்தில் பறந்தது அவன்தான்.

அப்பா முழங்கால் வலியோடு வாசலிலிருந்து தானே நடந்து வந்தார். சித்தப்பா அவர் போர்டிங் பாஸைக் கிழித்து உள்ளே விட்டார்.

டப்பா வந்தது. வாண்டு கைவிட்டாள். நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்த்தாள். அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள்.

வாண்டு சீட்டைப் பிரித்தாள். எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் சொன்னாள்: “அப்பா. உங்க பேரு.”

“எங்கே காட்டு” என்றான் டைரக்டர். காட்டினாள். ‘டைரக்டர்’ என்றுதான் இருந்தது.

அம்மா இருக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கலெக்டர் விழா மேடையில் உட்காருவதுபோல. கேப்டன் தொப்பியை வாண்டு வாங்கித் தான் போட்டுக்கொண்டாள், கேமராவையும் பிடுங்கிக்கொண்டாள். நீல ஏப்ரன் அவன் தொப்பையைச் சுற்றி வரவில்லை, அண்ணி பின்னால் ஊக்கு குத்திவிட்டாள்.

நான் மூன்றாவது வரிசையில், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உட்காருவது இவ்வளவு கஷ்டமா? கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். யாரும் என் மடியைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்திருந்தால் இப்போது நாலு வயது ஆகப்போகும், மடியில் உட்காரமாட்டேன் என்று திமிறி இறங்கி ஓடியிருப்பாள். இதை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நினைத்துப் பார்க்கிறேன். நின்றுகொண்டிருந்தபோது இதை நினைக்க நேரமே இருந்ததில்லை. நிற்பதே அதற்காகத்தானே.

டைரக்டர் சூப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். முதல் வரிசையில் அப்பாவுக்குக் கொடுக்கக் குனிந்தான். வண்டிச் சக்கரத்தைப் பூட்டவில்லை. என் கண் அங்கேதான் போகும். வண்டி மெதுவாக நகர்ந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பிரேக் போடல அண்ணி...”

“உக்காரு.”

“சூப் கொட்டிரும்...”

“கொட்டட்டும். அவரு கத்துக்கட்டும். நீ உக்காரு.”

கொட்டியது. சித்தப்பாவின் செருப்பில், தாராளமாக. சித்தப்பா காலைத் தூக்கிக்கொண்டு குதித்தார், சித்தி சிரித்துச் சிரித்து இருமினாள், டைரக்டர் துணியைத் தேடி நாலு திசையும் ஓடினான். துணி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை! அவன் வீட்டிலேயே! எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது இழுப்பறை. வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி கையை விடவே இல்லை.

கடைசியில் மூன்றாவது வரிசைக்கு வந்தான். முகமெல்லாம் வியர்வை, ஏப்ரன் ஒரு பக்கம் தொங்குகிறது. இந்தத் தடவை குனிந்து சக்கரத்தைப் பூட்டினான். பூட்டிவிட்டு என்னைப் பார்த்தான், சரியா என்பது போல. தலையாட்டினேன்.

“இவ்ளோ கஷ்டம்னு சொல்லவே இல்லியே நீ” என்றான், காதோடு.

தட்டையும் கிண்ணத்தையும் என் மடியில் வைத்தான். ஆவி வந்துகொண்டிருந்தது. தட்டையும் தாண்டிச் சூடு இறங்கியது. மடி சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் சாப்பிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன்.


ஏப்ரல் 7

தட்டச்சுக்கார அம்மா ஊரிலிருந்து திரும்பினார். என்னைத்தான் கேட்டாராம். பிரேக்கைத் தொடுவதற்கு முன் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, “கிளம்பலாமா?” என்று கேட்டேன். காலை நீட்டி ஆட்டிக் காட்டினார்.


ஏப்ரல் 12, சனி

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். டப்பாவைத் திறந்து காட்டினாள் அண்ணி, கேட்காமலேயே. மீதி ஐந்து சீட்டு: கலெக்டர், ஜெனரேட்டர், சித்தி, அண்ணி, நான்.

டைரக்டருக்கு இடுப்பு இன்னும் பிடித்திருக்கிறதாம். அடுத்த தீமுக்கு எல்லோருக்கும் காகிதத் தட்டு என்று அறிவித்துவிட்டான். அம்மா முறைத்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டான்.

ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தை வாண்டு எனக்குத் திறந்து காட்டினாள். அவளே எடுத்து, அவளே ஒட்டிய போட்டோ. கோணலாக இருக்கிறது. பாதிக்கு மேல் அட்டை ஜன்னல்தான். ஓரத்தில் நான். கண் அரைகுறையாக மூடியிருக்கிறது, வாயில் ஸ்பூன், தலைமுடி ஒரு பக்கம் கலைந்திருக்கிறது. என் மணிக்கட்டில் ஒரு கை. அண்ணியின் முகம் வெட்டுப்பட்டு, கை மட்டும் விழுந்திருக்கிறது.

கீழே பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் வாண்டு எழுதியிருந்தாள்:

அத்தை சாப்பிடுகிறாள்.